அரை டவுசர் சிப்பாய்

"யாரக் கேட்டு ஒட்டினே? இங்க சூப்பர்வைசர்னு நான் ஒருத்தி—"

"ஒட்டாம வுட்டிருந்தா எட்டுப் பேரோட மூளியா—"

"மூளியா நின்னா நிக்கட்டும்க்கா. இப்ப பன்னெண்டு பேரும் சேர்ந்து—"

"பன்னெண்டு கேட்டான், பன்னெண்டு கீது. எண்ணிப் பாரு."

"எண்ணத்தான் தெரியும் உனுக்கு. பூட்ஸப் பாரு. எட்டுப் பேருக்கு கணுக்கால் வரைக்கும்தான் பூட்ஸு, அதுக்கு மேல துணிப்பட்டை. நீ கொணாந்து ஒட்டுனதுல மூணு பேருக்கு முட்டிக்கால் வரைக்கும் பூட்ஸு. அந்த நாலாவது ஆளு கீறானே—"

"நாலாவது ஆளுக்கு இன்னா?"

"அவனுக்கு பேன்ட்டே இல்ல."

"அதான் முட்டியில பெயின்ட் அடிச்சுகீறேனே. பார்த்தா தெரியாது."

பாஞ்சாலி தட்டைக் குனிந்து பார்த்தாள். கனகமும் கூடவே குனிந்தாள். இரண்டு தலைகளும் முட்டிக்கொள்ளாத குறை. சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு பலகை. அதன் மேல் இடிந்த சுவர் ஒன்று, அச்சாணி முறிந்த வண்டி ஒன்று, கட்டைவிரல் உயரத்தில் பன்னிரண்டு ஜெர்மன் சிப்பாய்கள். பன்னிரண்டாவது ஆள் சுவருக்குப் பக்கத்தில் துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றான். அவன் போட்டிருந்தது அரை டவுசர். தொடையில் டவுசரின் மடிப்பு தெளிவாகத் தெரிந்தது. அதற்குக் கீழே கனகம் முட்டியிலும் கெண்டைக்காலிலும் சாம்பல் பெயின்டை அப்பியிருந்தாள். கால் முழுக்கச் சாம்பல் பூசிக்கொண்டு வந்த பரதேசி மாதிரி இருந்தான் அவன்.

"தெரியாதா?" என்றாள் பாஞ்சாலி.

"தூரத்துலேர்ந்து தெரியாது" என்றாள் கனகம், கொஞ்சம் குரல் இறங்கி.

1991ஆம் வருஷத்து ஆவணி மாதம். மண்ணூருக்கு வெளியே, வயலும் புது காம்பவுண்டுச் சுவருமாக மாறி மாறி வருகிற இடத்தில், தகரக் கூரை போட்ட பொம்மைக் கம்பெனி அது. முன்கட்டில் இரண்டு மெஷின் பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் ஊற்றிப் பொம்மைகளைத் துப்பும். பின்கட்டில் பதினொரு பெண்கள் பிரஷ்ஷும் கையுமாக உட்கார்ந்து அவற்றுக்கு முகமும் துணியும் கொடுப்பார்கள். அந்தப் பதினொருத்தியில் கனகம் மூத்தவள். ஆறு வருஷமாக அங்கே இருக்கிறாள். பாஞ்சாலி வந்து இரண்டு வருஷம்தான். ஆனால் பத்தாவது வரை படித்தவள், இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் என்று அவளைச் சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். வீட்டிலோ கனகம் மூத்த மருமகள், பாஞ்சாலி இளைய மருமகள். அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். காலையில் ஒரே குழாயடியில் கனகம் முதல் குடம் பிடிப்பாள், பாஞ்சாலி காத்திருப்பாள். எட்டரை மணிக்குக் கம்பெனி கேட்டைத் தாண்டினால் பாஞ்சாலி சொல்ல வேண்டும், கனகம் கேட்க வேண்டும். இந்த ஏற்பாடு இரண்டு பேருக்கும் இன்னும் செரிக்கவில்லை.

நடந்தது இதுதான். பெல்ஜியம் தேசத்து வியாபாரி ஒருவன் இந்த மாதிரித் தட்டு இருநூறு கேட்டிருந்தான். 1944ஆம் வருஷம், பிரான்சு தேசத்து வடக்கே ஒரு கிராமம், இடிந்த சுவர், பன்னிரண்டு சிப்பாய்கள். முதல் தட்டைப் பார்த்து 'சரி' என்று சொன்னால்தான் ஆர்டர். அச்சில் எட்டுப் பேர் ஒழுங்காக வந்தார்கள். மற்ற நாலு பேருக்குக் கை நிறையாமல் மொண்டியாக வந்தது. அச்சைக் கழற்றி ரிப்பேருக்கு அனுப்பினார்கள், அது கிண்டியிலேயே கிடக்கிறது. நேற்றுச் சாயங்காலம் பாஞ்சாலி பஸ் பிடிக்க ஓடிய பிறகு கனகம் பழைய ஆர்டரில் மிச்சமான பொம்மை டின்னைக் கவிழ்த்துத் தேடினாள். 1940ஆம் வருஷத்துச் சிப்பாய்கள் மூன்று பேர் கிடைத்தார்கள். நாலாவதுக்கு எத்தனை துழாவியும் ஆள் இல்லை, ஆப்பிரிக்கப் பாலைவனத்துச் சிப்பாய் ஒருத்தனைத் தவிர. ஆள் ஆள்தானே என்று அவனையும் ஒட்டிவிட்டாள்.

ஒட்டியது சாதாரணப் பசையில்லை. இரண்டு பிளாஸ்டிக்கையும் உருக்கி ஒன்றாக்கிவிடும் திராவகம். இழுத்தால் பலகையே பிய்ந்து வரும்.

"எடுக்க முடியாதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் மேனேஜர் கோபால். முப்பது வயசுதான், ஆனால் ஆர்டர் வருகிற நாளில் ஐம்பது வயசு ஆகிவிடுவார்.

"காலு மட்டும் பலகையில நிக்கும் சார், ஆளு கையில வருவான்" என்றாள் பாஞ்சாலி.

கோபால் தலையில் கைவைத்தார். "பதினோரு மணிக்கு யாக்கோபு வர்றாரு. நான் ஒளிக்காம சொல்லிடறேன். இது பாஸ் ஆச்சுன்னா பெயின்ட் ரூம் இருக்கும். ஆகலைன்னா வேலையை மெட்ராஸ்ல ஸ்ப்ரே அடிக்கிறவன்கிட்ட குடுத்துடுங்கன்னு முதலாளி சொல்லிட்டாரு. அப்புறம் இந்த ரூமுக்கு வேலையே இல்ல."

ரூமில் பிரஷ் ஒவ்வொன்றாக நின்றது. கனகம் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை ஒருமுறை பார்த்தாள். இந்தக் கம்பெனிக்கு வருவதற்கு முன்னால் இருபது வருஷம் அவள் குனிந்து நாற்று நட்டவள், களை பிடுங்கியவள். இடுப்பு இப்போது அதற்கு இடம் கொடுக்காது. பாஞ்சாலிக்குப் படிப்பு இருக்கிறது, இங்கே இல்லாவிட்டால் இன்னொரு கேட் திறக்கும். தனக்கு எந்தக் கேட்டும் திறக்காது என்பது கனகத்துக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"நான்தான் ஒட்டினேன்னு சொல்லிடு" என்றாள் பாஞ்சாலியிடம்.

"சொல்லத்தான் போறேன்" என்றாள் பாஞ்சாலி. உடனே, "நீ வாயத் தொறக்காதே. எதுவானாலும் நான் பேசிக்கறேன்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

யாக்கோபு பதினோரு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னால் வந்தார். பட்டாளத்து உடுப்பு ஸ்டோரில் இருபத்திரண்டு வருஷம் சட்டை எண்ணியவர். பென்ஷன் வாங்கிக்கொண்டு இப்போது வெளிநாட்டு வியாபாரிகளுக்காகப் பொம்மை எண்ணுகிறார். பூந்தமல்லியிலிருந்து ஸ்கூட்டரில் வந்தும் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. டீ வேண்டாம் என்றார், கலர் சோடா வேண்டாம் என்றார். பூதக்கண்ணாடியை எடுத்தார், வியாபாரி அனுப்பிய படத்தாளை விரித்தார், தட்டை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தார்.

முதல் எட்டுப் பேரையும் அவர் பேசாமல் தாண்டினார். ஒன்பதாவது ஆளிடம் கண்ணாடி நின்றது.

"இது யாரும்மா?"

"சிப்பாய் சார்" என்றாள் பாஞ்சாலி.

"அது தெரியுது. இவன் எப்படி இங்க வந்தான்? நீளப் பூட்ஸு, கரும்பச்சைக் காலர். நாப்பதாவது வருஷத்து உடுப்பு இது. மத்தவங்க நாப்பத்திநாலு."

"சார், அது வந்து, அச்சு ரிப்பேரு—"

"அச்சு ரிப்பேர்னு தட்டுல எழுதி அனுப்ப முடியுமாம்மா? இதை வாங்கறவன் சின்னப் பிள்ளை இல்ல. எல்லாம் ஐம்பது வயசு, அறுபது வயசு ஆளுங்க."

கனகத்துக்கு வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது மறந்துவிட்டது. "அறுபது வயசுல பொம்ம வெச்சுகினு ஆடுவாங்களா?"

"ஆடமாட்டாங்க. அலமாரியில வெச்சுப் பார்ப்பாங்க. பார்த்துட்டு லெட்டர் போடுவாங்க. காலர் நிறம் தப்பு, பாக்கெட்டுல மடிப்பு தப்புன்னு மூணு பக்கத்துக்குப் போடுவாங்க. போன வருஷம் ஒரே ஒரு தொப்பிக்காக நாற்பது லெட்டர் வந்துதாம்."

"வூட்டுல வேலவெட்டி இருக்காதா?" என்றாள் மூலையிலிருந்து சின்னப்பொண்ணு. பெயர்தான் சின்னப்பொண்ணு, பேரன் எடுத்தவள்.

"இந்த மூணு பேரு போதும் ரிஜெக்ட் பண்ண" என்று யாக்கோபு பேனாவைத் திறந்தார்.

"சார், ஒண்ணு கேக்கறேன்" என்றாள் கனகம்.

"அக்கா" என்றாள் பாஞ்சாலி பல்லைக் கடித்து.

"ஒண்ணே ஒண்ணுடி. சார், நாலு வருசத்துல உடுப்பு மாறிடுச்சுன்றீங்க. எல்லாருக்கும் ஒரே நாள்லயா மாறுச்சு?"

யாக்கோபுவின் பேனா தாள்மேல் படாமல் நின்றது.

கனகம் எழுந்து நின்றாள். புடவைக்கு மேல் போட்டிருந்த கம்பெனிக் கோட்டின் முனையைப் பிடித்து நீட்டினாள். முன்பு பச்சையாக இருந்தது. துவைத்துத் துவைத்து இப்போது எந்த நிறம் என்று அதற்கே தெரியாது.

"இந்த ரூம்ல எத்தினி நீலக் கோட்டு கீது, பாருங்க."

யாக்கோபு எண்ணுகிற ஆள். கேட்டால் எண்ணாமல் இருக்க முடியாது. "ஆறு."

"பச்ச?"

"அஞ்சு."

"பொங்கலுக்குப் புதுக் கோட்டு நீலத்துல வந்துச்சு. பதினோரு பேருக்கு ஆறுதான் வந்துச்சு. மிச்சம் அப்பால வரும்னாங்க, ஆவணி ஆயிடுச்சு. நான் எம்பத்தஞ்சுல குடுத்த கோட்டுலயே கீறேன். இப்ப எங்கள இப்பிடியே ஒரு தட்டுல ஒட்டி, தொண்ணூத்தியொண்ணு, மண்ணூருன்னு எழுதி அலமாரியில வெச்சா, அந்தக் கெழவனுங்க எனக்கு லெட்டர் போடுவாங்களா? நான் ரிஜெட்டா சார்?"

சின்னப்பொண்ணு சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததில் இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். கோபால் மட்டும் கோட்டு விஷயம் வெளியே வந்துவிட்டதே என்று கூரையைப் பார்த்தார்.

யாக்கோபு பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "சரிம்மா. இதே தட்டுல எண்பத்தஞ்சுன்னு எழுதி ஒட்டினா?"

"அப்ப நான் சரி."

"யாரு தப்பு?"

கனகம் யோசித்தாள். நிதானமாக, மிகவும் நிதானமாக, திரும்பினாள். புத்தம் புது நீலக் கோட்டில், பாக்கெட்டில் பேனா சொருகிக்கொண்டு பாஞ்சாலி நின்றிருந்தாள்.

"அவ" என்றாள் கனகம். "எம்பத்தஞ்சுல நீலம் ஏது? அவளே ஏது?"

"இதுக்குன்னே காத்துகினு இருந்தியாக்கா" என்றாள் பாஞ்சாலி.

"அவரு கேட்டாரு, சொன்னேன்."

"பழசு புதுசுக்கு நடுவுல நிக்கலாம்" என்று யாக்கோபு தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். "புதுசு பழசுக்கு நடுவுல நிக்க முடியாது. எங்க ஸ்டோர்லயும் அதான் ஆர்டர். பழைய ஸ்டாக் தீர்ற வரைக்கும் புதுசைப் பிரிக்கக் கூடாது. ஒரே வரிசையில மூணு விதமான பெல்ட்டோட பரேடு போனதை நானே பார்த்திருக்கேன்." மறுபடி பூதக்கண்ணாடியை எடுத்தார். "அதுவும் நாப்பத்திநாலுல இவங்க தோத்துகிட்டு இருந்தாங்க. தோக்கற பட்டாளத்துல எவனுக்கும் மேலும் கீழும் ஜோடியா துணி கிடைக்காது."

"தோத்துட்டாங்களா சார்?" என்றாள் சின்னப்பொண்ணு. மூன்று வருஷமாக அவர்களுக்குக் கண் எழுதுகிறவள், இன்றைக்குத்தான் கேட்கிறாள்.

"தோத்தாங்க. தோத்ததாலதான் உலகம் பொழைச்சுது. அவ்வளவு அக்கிரமம் பண்ணினாங்க."

"அப்ப நான் இவ்ளோ அழகா கண்ணு வெக்க வாணாம்."

"நல்லா வையும்மா. இல்லைன்னா அதுக்கும் லெட்டர் வரும்." யாக்கோபு மறுபடி குனிந்தார். "பூட்ஸு சரி, காலர் சரி. ஆனா இந்த மூணு பேர் தொப்பியிலயும் பக்கவாட்டுல மூணு கலர்ல ஒரு கேடயம் இருக்குது பாருங்க. அதை நாப்பதுலயே அழிக்கச் சொல்லிட்டாங்க. பழைய ஆளா இருந்தாலும் நாலு வருஷத்துல அதுமேல பெயின்ட் அடிச்சிருப்பான்."

கனகம் அவர் சொல்லி முடிப்பதற்குள் பிரஷ்ஷை நனைத்துவிட்டாள். மூன்று தொட்டல். மூன்று கேடயமும் போயிற்று.

பெயின்ட் ரூம் மூச்சு விட்டது. பாஞ்சாலிகூட விட்டாள். அப்போது கண்ணாடி பன்னிரண்டாவது ஆளிடம் போய்ச் சேர்ந்தது.

யாக்கோபு வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கிட்டே கொண்டுபோனார், எட்டக் கொண்டுபோனார்.

"இவனுக்குக் காலில என்ன?"

"பேன்ட் சார்" என்றாள் கனகம்.

"பேன்ட்டுக்கு உள்ளே முட்டிச்சில்லு தெரியுதே."

"டைட்டு பேன்ட் சார்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. யாக்கோபு மட்டும் உதட்டை ஒருமுறை கடித்துக்கொண்டார்.

"இவன் ஆப்பிரிக்கா ஆளும்மா. பாலைவனத்துக்குன்னு குடுத்த அரை டவுசர் இது."

"பழசு புதுசுல நிக்கலாம்னு இப்பத்தான் நீங்களே சொன்னீங்க."

"காலம் மாறி நிக்கலாம். இடம் மாறி நிக்க முடியாது. ஆப்பிரிக்காவுல இருந்த இவங்க ஆளுங்க மொத்தமா நாப்பத்திமூணுல பிடிபட்டுட்டாங்க. இவன் ஒருத்தன் மட்டும் தப்பிச்சு, அரை டவுசரோட வடக்கு பிரான்சுக்கு எப்படி வந்தான்?"

"நடந்து வந்தான்னு வெச்சுக்குங்க."

"நடுவுல கடல் இருக்குதும்மா."

யாக்கோபு தாளை மடித்தார். "எனக்கு இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் இன்னொரு வேலை இருக்குது. ரெண்டு மணிக்கு வருவேன். இந்தக் காலு எனக்குத் தெரிஞ்சா ரிஜெக்ட். எனக்குத் தெரியலைன்னா நான் பார்க்காததை எழுத முடியாது."

ஸ்கூட்டர் சத்தம் ரோடு வரை போய் அடங்கியது.

"வெட்டிடு" என்றாள் சின்னப்பொண்ணு. "முட்டிக்குக் கீழ வெட்டிட்டு, காயம்பட்டவன்னு சொல்லு."

"நிக்கறவனுக்கு காலு இல்லாம எப்பிடி காயம்?"

"துணி சுத்து. வேட்டி மாதிரி."

"பிரான்சுல வேட்டியா? தொப்பிக்கே நாப்பதுன்னா, இதுக்கு நாநூறு லெட்டர் வரும்."

கனகம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். வாய் ஓய்ந்து அவளை யாரும் பார்த்ததில்லை. குழாயடியில்கூட அவள் குரல் முன்னால் வரும், குடம் பின்னால் வரும். பாஞ்சாலி அவளை ஓரக்கண்ணால் இரண்டு தடவை பார்த்தாள். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

"இந்தச் செவுரு யாரு பண்ணது?"

"மெஷின்ல வந்ததுடி. இன்னா இப்ப?"

"செவுரு இடிஞ்சு கீது. இடிஞ்ச கல்லு எங்க?"

கனகம் நிமிர்ந்தாள். சுவரின் மேல்பாதி இல்லை. ஆனால் கீழே தரை துடைத்து வைத்தது போலக் கிடந்தது. வெள்ளிக்கிழமைக்கு மெழுகிய வாசல் கெட்டது.

"குண்டு போட்ட ஊர்ல யாருக்கா பெருக்கி வெச்சது?" என்றாள் பாஞ்சாலி. "எங்கப்பன் வூடு மணிமங்கலத்துல சூளை வெச்சிருந்தவங்க. செவுரு வுழுந்து நான் எத்தினி தபா பார்த்துகீறேன். பாதி ஆளு ஒசரத்துக்குக் குமியும். இவன் செவுத்துக்குப் பக்கத்துலதானே நிக்கறான். இடுப்பு வரைக்கும் செங்கல்ல மூடிட்டா, உள்ள டவுசரோ கோமணமோ, யாரு கண்டது?"

கனகம் அவளையே பார்த்தாள். இரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் சரியாகப் பார்க்கிறவள் போல.

"இத்தினியூண்டு செங்கல்லுக்கு எங்கடி போவறது?"

"தீக்குச்சி."

கோபாலின் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியைச் சூப்பர்வைசரே உருவினாள். சின்னப்பொண்ணு டீக்கடைக்குப் போய் ஆறு பெட்டி கொண்டுவந்தாள். மருந்துத் தலையைக் கிள்ளிப்போட்டுவிட்டு, பிளேடால் அரிசி நீளத்துக்குக் குச்சியை நறுக்கினார்கள். பதினொரு பேரும் நறுக்கினார்கள். வெளியே கிடந்த உடைந்த செங்கல்லைக் கனகம் அம்மிக்குழவி கிடைக்காமல் வெயிட்டுக்கல்லால் நுணுக்கினாள். அந்தப் பொடியைத்தான் பசையில் குழைத்துக் குச்சிகளுக்குப் பூச வேண்டும்.

முதல் ஐம்பது கல்லுக்கும் அவள் ஒரே சிவப்பாகப் பூசினாள். பாஞ்சாலி பார்த்துவிட்டுத் தள்ளினாள்.

"சூளையில எல்லாக் கல்லும் ஒரே மாதிரியா வேவும்? பக்கத்துல கீறது வேவாது, மஞ்சளா இருக்கும். நடுவுல கீறது வெந்து கறுத்துடும். மாத்தி மாத்தி பூசு."

"சரிங்க சூப்பர்வைசர்."

"குமிக்காதே, குமிக்காதே. அது மண்ணு கொட்டுன மாதிரி கீது. செவுரு வுழசொல்ல கீழ முழுக்கல்லு வுழும், மேல உடைஞ்சது வுழும். நடுவுல ரெண்டு மூணு கல்லு ஒட்டுனது ஒட்டுனபடி கெடக்கும். இப்பிடி."

"இவ்ளோ தெரிஞ்சவ எதுக்குடி பேனாவ சொருவிகினு சுத்தறே? வா, வந்து உக்காரு."

பாஞ்சாலி உட்கார்ந்தாள். அவள் கல் அடுக்கினாள். அடுக்க அடுக்கக் கனகம் புகை படிந்த மாதிரி ஓரங்களைக் கறுப்பித்தாள். பாதி நேரம் கை முட்டிக்கொண்டது. "உன் கைய எடு" என்று ஒருத்தி, "நீ எடு" என்று ஒருத்தி. சாப்பாட்டு மணி அடித்ததை யாரும் கேட்கவில்லை. ஒன்றரை மணிக்குக் கனகம் தன் டிபன் பாக்ஸைத் திறந்து, பசை படாத இடது கையால் ஒரு உருண்டை புளிசோறு எடுத்துப் பாஞ்சாலி வாயருகே நீட்டினாள். "தின்னு. கைய நிறுத்தாதே, வாய மட்டும் தொற." பாஞ்சாலி கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல் வாயைத் திறந்தாள்.

இரண்டு மணிக்கு ஸ்கூட்டர் வந்தது.

யாக்கோபு தட்டை ஜன்னல் பக்கம் திருப்பினார். சுவருக்குக் கீழே இடுப்புயரத்துக்குச் செங்கல் சரிந்து கிடந்தது. மஞ்சள் கல், சிவப்புக் கல், கறுத்த கல். அதன் நடுவில் பன்னிரண்டாவது சிப்பாய், சட்டைக் கையை மடித்துவிட்டவன் போல, துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றான். ஏறி வந்த களைப்பு அவன் முகத்தில் இருப்பது இப்போதுதான் தெரிந்தது. மற்ற பதினொரு பேரையும்விட அவன்தான் அந்த ஊரில் நிஜமாக நிற்கிறவனாக இருந்தான்.

"எங்கே அந்தக் காலு?"

"கல்லுக்கு அடியில சார்" என்றாள் பாஞ்சாலி.

"அடியில என்ன போட்டிருக்கான்?"

"எங்களுக்கு இன்னா சார் தெரியும்" என்றாள் கனகம். "ஆம்பள ஆளு. நாங்க எப்பிடி பார்க்கறது?"

யாக்கோபு இந்தத் தடவை உதட்டைக் கடிக்கவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். சட்டையில் சுருக்கம் விழுகிற அளவுக்குச் சிரித்தார். "இந்தக் கல்லு எதுல செஞ்சீங்க?"

"தீக்குச்சி சார்."

"வந்த படத்துலகூட இவ்வளவு நல்லா இல்லம்மா." பேனாவைத் திறந்தார். தாளில் ஒவ்வொரு ஆளாக எழுதினார், ஸ்டோர்க்காரர் கையெழுத்தில், ஒன்றுவிடாமல்: இன்ன அச்சு, இன்ன உடுப்பு, இன்ன இடம். பன்னிரண்டாவது ஆளுக்கு மட்டும் மூன்று வரி எழுதினார். கையெழுத்துப் போட்டார். கண்ணாடி மூடியை வைத்து, நூலால் கட்டி, முடிச்சில் அரக்கை உருக்கி முத்திரை குத்தினார். இன்னொரு தாளை நகலாகப் பாஞ்சாலி கையில் கொடுத்தார்.

"பாஸ். இந்த சாம்பிள் இன்னைக்கே கிளம்புது. சீல் வெச்ச சாம்பிள் எப்படியோ, இருநூறும் அப்படியே வரணும். ஒரு ஆளு மாறக் கூடாது, ஒரு கல்லு மாறக் கூடாது. பெட்டியைப் பிரிச்சு இந்தத் தாளோட வெச்சுப் பார்ப்பேன்."

கோபால் தட்டைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு அவரோடு கேட் வரை போனார்.

பெயின்ட் ரூமில் சத்தம் எழுந்தது. சின்னப்பொண்ணு மிச்சத் தீக்குச்சிகளை அள்ளிப் பாஞ்சாலி தலையில் அட்சதை போலப் போட்டாள். கனகம் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு, காலை நீட்டி, கண்ணை மூடி உட்கார்ந்தாள். இருநூறு தட்டும் முடிகிற வரைக்கும் இந்த நாற்காலி தன்னுடையது. அதற்கு மேல் அப்பால் பார்த்துக்கொள்ளலாம்.

"யக்கா" என்றாள் பாஞ்சாலி.

"இன்னாடி?"

"இந்தத் தாள்ல பன்னெண்டாம் நம்பருக்கு நேரா இன்னா எழுதிகீறாரு தெரியுமா?" அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "பழைய அச்சு. ஆப்பிரிக்கா வரிசை. இடுப்பு வரை கல்."

கனகம் ஒரு கண்ணைத் திறந்தாள்.

"இருநூறும் அப்படியேன்னாரு" என்றாள் பாஞ்சாலி.

கனகம் இன்னொரு கண்ணையும் திறந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கோபால் ஓட்டமும் நடையுமாக உள்ளே வந்தார். காலையில் ஏறிய ஐம்பது வயசும் இறங்கி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தார். உள்ளங்கையை நீட்டினார். அதில் நாலு சிப்பாய்கள், சூடு ஆறாமல், மெஷினிலிருந்து அப்போதுதான் விழுந்தவர்கள்.

"கிண்டியிலேர்ந்து அச்சு வந்துடுச்சு. பாருங்க, நாலு பேருக்கும் கை முழுசா நிறைஞ்சிருக்கு. இனிமே ஒரு தொல்லையும் இல்ல. எத்தனை வேணும்னாலும் ஊத்திக்கலாம்."

கனகம் எழுந்து வந்து ஒருத்தனை எடுத்தாள். கணுக்கால் பூட்ஸு, துணிப்பட்டை, முழுக்கால் பேன்ட், விரல் முதற்கொண்டு கை. குறை சொல்ல இடமில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவனைப் பத்திரமாகக் கோபாலின் உள்ளங்கையிலேயே திரும்பப் படுக்க வைத்தாள்.

"ரொம்ப லட்சணமா வந்துகீறாங்க சார், இவங்கள எடுத்து வையுங்க, இப்ப அந்த நீளப் பூட்ஸுக்காரங்க அச்சும் அரை டவுசர்காரனோட அச்சும் எங்க கெடக்குதுன்னு தேடச் சொல்லுங்க, அவன் மட்டுமே இருநூறு பேர் வோணும்."